மறைவு: பெர்லின், ஒன்டாரியோ (1833–1916)

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெர்லின் என்று ஒரு நகரம் இருந்தது. 1916 செப்டம்பர் 1 அன்று அது காலமானது. அன்றும் ஆலைச் சங்கு வழக்கமான நேரத்துக்குத்தான் ஊதியது. கிங் தெருவில் கடைகள் திறந்தன, தபால்காரர் வழக்கம்போல் வீடுவீடாகப் போனார். பெயர் மட்டும் போயிருந்தது. அந்தப் பெயரோடு சேர்ந்து எண்பத்து மூன்று ஆண்டுகளாக ஓர் ஊர் தன் போக்கில் வாழ்ந்த வாழ்க்கையும் போனது. முதல் உலகப் போர் கனடாவில் யார் யாரைக் கொன்றது என்று கணக்கெடுக்கும்போது, போர்க்களத்திலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்த ஊரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் ஆற்றின் இரு கரைகளையும் 1784-இல் ஆறு நாடுகள் எனப்படும் பூர்வகுடி மக்களுக்கு பிரிட்டிஷ் அரசு ஒதுக்கித் தந்திருந்தது. அந்த நிலத்தின் ஒரு பகுதி கைமாறி, 1800-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த மெனோனைட் குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தது. மெனோனைட்டுகள் ஜெர்மன் பேசும் கிறித்தவர்கள். ஆயுதம் தொடுவதைப் பாவம் என்று கருதுபவர்கள். அவர்களுடைய போதகர் பெஞ்சமின் ஈபியின் பெயரால் அந்தக் குடியிருப்பை ஈபிடவுன் என்று அழைத்திருக்கிறார்கள். பிறகு ஜெர்மனியிலிருந்தே தச்சர்களும் தோல் பதனிடுபவர்களும் வரத் தொடங்கினார்கள். 1833 வாக்கில் ஊருக்கு பெர்லின் என்ற பெயர் நிலைத்தது. பெயர் வைத்தவர்களுக்கு அரசியல் நோக்கம் எதுவும் கிடையாது. ஜெர்மனி என்ற ஒன்றுபட்ட நாடே அப்போது பிறக்கவில்லை.

வளர்ந்த வேகம் ஆச்சரியமானது. மரச்சாமான், பொத்தான், செருப்பு, ரப்பர், தோல் என்று ஆலைகள் பெருகின. 1910 அக்டோபரில் நயாகராவின் நீர்மின்சாரத்தை மாகாணத்துக்குள் கொண்டுவந்தபோது, விளக்கேற்றும் விழாவுக்கு அரசு தேர்ந்தெடுத்தது இந்த ஊரைத்தான். மின்திட்டத்தை முன்னின்று நடத்திய ஆடம் பெக், பக்கத்துக் கிராமமான பேடனில் ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவர். 1911 மக்கள்தொகைக் கணக்கில் ஊரின் எண்ணிக்கை 15,196. அதில் பத்துக்கு ஏழு பேர் ஜெர்மன் வழியினர். 1912-இல் பெர்லின் நகர அந்தஸ்து பெற்றது.

அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று காட்ட ஒரே ஓர் இடம் போதும். ஊரின் நடுவில் உள்ள பூங்காவுக்கு விக்டோரியா மகாராணியின் பெயர். 1897-இல் அதே பூங்காவில் ஜெர்மன் பேரரசர் (கைசர்) முதலாம் வில்லியமின் வெண்கல மார்பளவுச் சிலையை நிறுவினார்கள். உயரமான பீடத்தில் கைசர். பக்கங்களில் அவருடைய அமைச்சர் பிஸ்மார்க், தளபதி மோல்ட்கே இருவரின் உருவம் பொறித்த பதக்கங்கள். விக்டோரியாவின் மூத்த மகளைத்தான் அந்தக் கைசரின் மகன் மணந்திருந்தார். ஆகவே ஊர்க்காரர்களுக்கு இது சம்பந்தி வீட்டுப் படத்தைக் கூடத்தில் மாட்டிவைத்தது போலத்தான். கோடையில் பாடகர் விழா நடக்கும். பல ஊர்ப் பாடற்குழுக்கள் ஜெர்மன் பாட்டோடு வந்து இறங்கும். மகாராணி பிறந்தநாளுக்கும் அதே கூட்டம், அதே உற்சாகம். பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மனும் ஆங்கிலமும் படித்தார்கள். 1859 முதல் 'பெர்லினர் ஜர்னல்' என்ற ஜெர்மன் வார இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் ஜோ க்ளோட்ஸ்கோப் என்ற கற்பனை ஆசாமி பென்சில்வேனிய ஜெர்மன் பேச்சுவழக்கில் எழுதும் நையாண்டிக் கடிதங்கள் வெளியாகும். எழுதியவர் இதழின் ஆசிரியர் ஜான் ரிட்டிங்கர். கிராமத்துப் பேச்சை அப்படியே அச்சேற்றிய அந்தக் கடிதங்களுக்கென்றே இதழை வாங்கியவர்கள் உண்டு.

1914 மே மாதம் கனடாவின் கவர்னர் ஜெனரல் கனாட் கோமகன் மனைவியோடு பெர்லினுக்கு வந்தார். கோமகன் விக்டோரியாவின் மகன்; மனைவி பிரஷ்ய இளவரசி. ஜெர்மன் வழிக் குடிமக்களின் உழைப்பையும் ஒழுக்கத்தையும் அவர் மேடையில் பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் போர். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போர் அறிவித்தபோது கனடாவைத் தனியாக யாரும் கேட்கவில்லை. பேரரசு போரில் இறங்கினால் கனடாவும் இறங்கியதாகவே பொருள். அந்த மாதமே ஓர் இரவு யாரோ கைசர் சிலையைப் பீடத்திலிருந்து பெயர்த்துப் பூங்கா ஏரியில் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் அதை மீட்டார்கள். மீண்டும் பீடத்தில் ஏற்றாமல் கான்கார்டியா பாடகர் சங்கத்தின் கட்டடத்துக்குள் பத்திரப்படுத்தினார்கள். வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிப் போகும் நல்ல மனிதர்கள் எங்கேயும் செய்வதுதான் அது. போர் நிதிக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தார்கள், கொடி ஏற்றினார்கள், விசுவாசத் தீர்மானம் போட்டார்கள். ஊரை நிம்மதியாக விட்டுவிட இவை போதும் என்று நம்பினார்கள்.

போதவில்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, பிளந்து கிடந்த அணியை மூடி நின்றது கனடியப் படை. மூச்சுத் திணறிச் செத்த பையன்களின் பட்டியல் தந்தியில் வந்தது. அடுத்த மாதம் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. மகனை இழந்த ஒன்டாரியோ வீடுகளில் கோபம் கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் ஜெர்மானிய அரசனோ தளபதியோ இல்லை. பொத்தான் ஆலையில் வேலை பார்க்கும் ஜெர்மன் பெயர்க்காரர்தான் இருந்தார். ஐந்து தலைமுறையாக ஜெர்மன் மண்ணைக் கண்ணால் காணாத குடும்பமாக இருந்தாலும் சரி. பள்ளிகளில் ஜெர்மன் பாடம் அந்த ஆண்டே நின்றது.

1915 இறுதியில், பெர்லின் அடங்கிய வடக்கு வாட்டர்லூ வட்டாரத்துக்கென்று 118-வது பட்டாலியனைத் திரட்டத் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேல் ஆள் வேண்டும். ஆயுதம் தொடாத மெனோனைட்டுகள் நிறைந்த வட்டாரம்; மற்றவர்களிலும் பலருக்கு அத்தை மகனோ பெரியப்பா பேரனோ எதிர்ப் பக்கத்துப் பதுங்குகுழியில் இருக்கக்கூடிய நிலைமை. ஆள் சேரவில்லை. பட்டாலியனில் சேர்ந்தவர்களுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. சீருடைக்காரர்கள் கிங் தெருவில் போகிற வாலிபர்களை மறித்து, ஏசி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நிறுத்தினார்கள். இந்தப் படைவீரர்களில் பலரும் இருபது வயதுப் பையன்கள். ஜெர்மன் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். தாங்கள் ஜெர்மானியர் இல்லை என்று மற்றவர்களை விடக் கூடுதலாக நிரூபிக்க வேண்டிய நெருக்கடி அந்தப் பிள்ளைகளுக்கு இருந்திருக்கும். அவர்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய பெரியவர்களின் பங்கு அதிகம் என்றே எண்ணுகிறேன்.

1916 பிப்ரவரி 15 இரவு, வீரர்கள் கான்கார்டியா சங்கத்தின் கதவை உடைத்தார்கள். கைசர் சிலையைத் தூக்கித் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். பிறகு திரும்பி வந்து பியானோவை நொறுக்கினார்கள். நாற்காலி மேசைகளும் பாட்டுப் போட்டிகளில் வென்ற பரிசுகளும் தெருவில் போட்ட நெருப்பில் எரிந்தன. ஒரு பாடகர் சங்கத்தின் ஆயுள் சேமிப்பு முழுவதும் பரிசுக் கோப்பைகளும் பாராட்டுப் பத்திரங்களும்தானே. இராணுவம் விசாரணை நடத்தியது, யாரையும் தண்டிக்கவில்லை. சிலை அதன் பிறகு கிடைக்கவே இல்லை. உருக்கி நாப்கின் வளையம் செய்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மூன்று வாரம் கூட ஆகவில்லை. மார்ச் 5 அன்று பட்டாலியன் வீரர்கள் லூத்தரன் போதகர் டாப்பர்ட்டை வீட்டிலிருந்து இழுத்துவந்து, அடித்து, தெருவில் தரதரவென்று இழுத்துச் சென்றார்கள். அமெரிக்கக் குடிமகனான அவர், ஜெர்மன் அட்டூழியச் செய்திகளை அப்படியே நம்ப முடியாது என்று பேசியவர். ஊரை விட்டுப் போகச் சம்மதித்து, போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார். தாக்கியவர்களுக்குப் பெயரளவுக்கு ஒரு தண்டனை கிடைத்தது. அவர் குடும்பத்தோடு வெளியேறினார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்தச் சூழலில்தான் பெயர் மாற்றப் பேச்சு கிளம்பியது. முதலில் கிளப்பியவர்கள் ஆலை முதலாளிகளும் வணிகர்களும். 'பெர்லினில் செய்தது' என்ற முத்திரையோடு போகும் சரக்கை டொராண்டோவில் யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. பெயரை மாற்றினால் வியாபாரமும் பிழைக்கும், ஊரின் விசுவாசமும் நிரூபணமாகும் என்றார்கள். எதிர்த்தவர்கள், தாத்தா வைத்த பெயரை மாற்றினால்தான் நாட்டுப்பற்று என்று ஒத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அவர்களுக்கு வாய் திறப்பதே ஆபத்தான காலம் அது.

மே 19 அன்று வாக்கெடுப்பு. மாற்றலாம் என்று 1,569 பேர், வேண்டாம் என்று 1,488 பேர். வித்தியாசம் 81. இவ்வளவு மிரட்டலுக்கும் நடுவில், சிலையும் சங்கமும் போதகரும் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகும், 1,488 பேர் போய் வேண்டாம் என்று குறியிட்டிருக்கிறார்கள். இந்த வரலாற்றில் நான் தலைவணங்குவது அவர்களுக்குத்தான்.

புதுப்பெயருக்குப் போட்டி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் பரிந்துரைகள் குவிந்தன. குழு பொறுக்கியெடுத்த முதல் பட்டியலில் ஹியூரான்டோ, பெர்கானா, ஹைட்ரோ சிட்டி என்றெல்லாம் இருந்தன. ஊரே சிரித்தது, பட்டியலைக் கைவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, ஜூன் 5 அன்று, பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு ரஷ்யாவுக்குச் சென்ற கப்பல் ஆர்க்னி தீவுகளுக்கு அப்பால் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. ஆள்சேர்ப்புச் சுவரொட்டியில் மீசையோடு விரல் நீட்டி நின்றவரே செத்துப்போனதில் பேரரசு முழுவதும் துக்கம். அவர் பெயரும் புதிய பட்டியலில் ஏறியது. அவருக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சூடானில் ஓம்டுர்மன் போரை வென்றவர். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதி. தென்னாப்பிரிக்கப் போரில் பண்ணைகளைக் கொளுத்தி, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் குடும்பங்களை முகாம்களில் அடைத்தவர். அந்த முகாம்களில் நோயிலும் பசியிலும் 26,000-க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் மடிந்தார்கள். தனி முகாம்களில் அடைபட்ட கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

ஜூன் கடைசியில் இரண்டாவது வாக்கெடுப்பு. ஏறத்தாழ 19,000 பேர் வாழ்ந்த நகரில் 892 பேர் மட்டுமே வாக்களித்தார்கள். கிச்சனர் 346. பிராக் 335. கனடாவின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு உண்டாக்கிய அடனாக் 23. மீதி மூன்று பெயர்களுக்குக் கைவிரல் மடக்கி எண்ணுமளவுக்குச் சில வாக்குகள். செல்லாதவை 163. 346 வாக்குகளில் ஒரு நகரத்துக்குப் பெயர் முடிவானது. பெரும்பாலானோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வேறு எந்த வழியிலும் எதிர்ப்பைச் சொல்ல முடியாத நாளில் அந்த மௌனத்தை நான் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பெயரைக் கொடுத்தாயிற்று, அமைதி வந்ததா? 1917 புத்தாண்டு நகராட்சித் தேர்தலில், பெயர் மாற்றத்தை எதிர்த்தவர்கள் பெருவாரியாக வென்றார்கள். அன்றிரவே வீரர்கள் கலவரத்தில் இறங்கினார்கள். வென்றவர்கள் பக்கம் நின்ற நாளிதழ் அலுவலகத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. அந்த ஆண்டு கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தது. போர்க்காலத் தேர்தல் சட்டம் என்று இன்னொன்று வந்தது. பகை நாடுகளில் பிறந்து 1902 மார்ச் 31-க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களின் வாக்குரிமையை அது பறித்தது. மெனோனைட்டுகளும் வாக்கை இழந்தார்கள். அதே சட்டம் போர்வீரர்களின் மனைவி, தாய், சகோதரிகளுக்கு வாக்கு தந்தது. கனடியப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வழி முதலில் இப்படித்தான் திறந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. நவம்பரில் பிரதமர் போர்டன் கிச்சனருக்கு வந்தபோது கூட்டம் அவரைப் பேசவிடவில்லை. 'இந்த ஊர்ச் சரக்கை வாங்காதீர்கள்' என்ற குரல் மறுபடி எழுந்தது. ஆக, வியாபாரத்தைக் காப்பாற்ற மாற்றிய பெயரும் வியாபாரத்தைக் காப்பாற்றவில்லை. டிசம்பர் தேர்தலில் கட்டாயச் சேவையை எதிர்த்த முன்னாள் மேயர் வில்லியம் யூலரைத் தொகுதி வெற்றிபெற வைத்தது. பிற்காலத்தில் அவர் மத்திய அமைச்சரும் ஆனார்.

118-வது பட்டாலியன் 1917 ஜனவரியில் கப்பலேறியது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் அதைக் கலைத்து, வீரர்களை மற்ற பட்டாலியன்களின் ஆள் பற்றாக்குறைக்குப் பிரித்தனுப்பினார்கள். அந்தப் பெயரில் ஒரு நாள்கூட அது களத்தில் நிற்கவில்லை. அந்த ஏப்ரலில் பிரான்ஸின் விமி மேட்டில் நான்கு கனடியப் பிரிவுகளும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து தாக்கின. நான்கு நாளில் மேட்டைப் பிடித்தார்கள். 3,598 பேர் செத்தார்கள். கனடா ஒரு தேசமாகப் பிறந்த இடம் அது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 80 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீருடை அணிந்தார்கள். 60,000-க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. அந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தேசம் பிறந்த கதையைச் சொல்கிறவர்கள், அதே வேகத்தில் உள்நாட்டில் எது செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்தப் போரில் 8,579 பேரைக் கனடா முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் ஆஸ்திரியப் பேரரசின் கடவுச்சீட்டோடு வந்த உக்ரைனிய ஏழைத் தொழிலாளர்கள்.

'பெர்லினர் ஜர்னல்' தன் பெயரிலிருந்த பெர்லினை எடுத்துவிட்டு 'ஒன்டாரியோ ஜர்னல்' ஆனது. அதற்கும் பலனில்லை. பகை நாட்டு மொழிகளில் எதுவும் அச்சிடக் கூடாது என்று 1918 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை போட்டது. போர் முடிய ஏழு வாரமே இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டு வந்த இதழ் நின்றுபோனது. ஜோ க்ளோட்ஸ்கோப்பின் ஆசிரியர் ரிட்டிங்கர் 1915-இலேயே இறந்திருந்தார். இதைப் பார்க்கும் கொடுமை அவருக்கு வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது இரண்டு எண்கள். 1911 கணக்கெடுப்பில் கனடாவில் ஜெர்மன் வழியினர் என்று பதிந்தவர்கள் சுமார் 4,03,000 பேர். 1921-இல் சுமார் 2,95,000. பத்தாண்டில் ஒரு லட்சம் பேர் எங்கே போனார்கள்? அதே பத்தாண்டில் டச்சு வழியினர் 56,000-லிருந்து 1,17,000 ஆகிவிட்டார்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நின்றபோது பல வீடுகளில் அப்பா ஒரு நொடி தயங்கிவிட்டு வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற குழந்தை அதைக் கேட்டிருக்கும். வீட்டில் பாட்டி பேசும் மொழியை வெளியில் சொல்லக் கூடாது என்று அந்தக் குழந்தை அன்றைக்குப் படித்துக்கொண்டது.

கனடாவை மிக நீண்ட காலம் ஆண்ட பிரதமர் மெக்கன்சி கிங் 1874-இல் பெர்லினில் பிறந்தவர். 1937-இல் ஜெர்மனி போய் ஹிட்லரைச் சந்தித்தபோது, தான் பிறந்தது கனடாவின் பெர்லினில் என்று அறிமுகப்படுத்திக்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டே ஆண்டில் அவரே அந்த ஜெர்மனிக்கு எதிராகக் கனடாவைப் போருக்கு நடத்திச் சென்றார். பெர்லினில் பிறந்தவர் விசுவாசமாக இருக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

கிச்சனரில் இப்போது அக்டோபர்ஃபெஸ்ட் கோலாகலமாக நடக்கிறது. 1969-இல் தொடங்கிய விழா. கான்கார்டியா சங்கமும் மீண்டு வந்துவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பலகைகளில் பேடன், பிரெஸ்லாவ், மன்ஹைம், ஹைடல்பெர்க், நியூ ஹாம்பர்க் என்று இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர்களால் பேரரசுக்கு ஒரு கேடும் வரவில்லை. 2020-இல் கிச்சனர் பிரபுவின் தென்னாப்பிரிக்க முகாம்களைச் சுட்டிக்காட்டி, பெயரை மாற்றக் கேட்டு ஒரு மனு எழுந்தது. நகராட்சி பெயரை மாற்றவில்லை.

இன்று கிச்சனர்–வாட்டர்லூ பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றன. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று அந்தத் தெருக்களில் நம் பிள்ளைகள் நடக்கிறார்கள். அங்குள்ள வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். போர் முடிந்த நாளான நவம்பர் 11 அடுத்து வரும்போது பிள்ளைகளைப் போர் நினைவுத் தூணுக்கு அழைத்துப் போங்கள். போரில் மடிந்தவர்களின் பட்டியலிலுள்ள ஜெர்மன் குடும்பப் பெயர்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இந்த ஊருக்கு 1916 வரை பெர்லின் என்று பெயர் இருந்தது, அந்த ஊர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.